துரைமார் வாங்குகளுக்குக் காவல் இருந்தவன்

எங்கள் வேதக் கோயில் வாசலில் இப்போது ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பதுளை ஸ்டேசனில் கோச்சியை விட்டு இறங்கி வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. எந்தத் துரை அடிக்கல் வைத்தார், மணியை எந்த ஊரில் வார்த்துக் கப்பலில் ஏற்றினார்கள், ஜன்னல் கண்ணாடிக்கு வர்ணம் போட்டது யார், எல்லாம் இருக்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்தவர்கள் யார் என்று ஒரு வரி கிடையாது.

எனக்கு வந்ததே கோபம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில், நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற டேனியல், "ஐயா, பொலம்பிக்கிட்டே திரியாதீங்க. ஒக்காந்து எழுதிக் குடுங்க, ஆண்டு விழா மலர்ல போடுவோம்" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். என்னைப் பற்றிய நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்துப் போடுவதாக இருந்தால் இந்தக் கடதாசியை அடுப்பில் வையுங்கள்.

நான் கோயில்குட்டி. அப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. மணி அடிப்பவன், கூட்டுபவன், விளக்குத் துடைப்பவன், ஆராதனைக்கு வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பவன், செத்தவர்களுக்குக் குழி வெட்டுகிற ஆட்களுக்கு அளவு சொல்பவன். இருபது வயதில் சேர்ந்து, நாற்பது வருடம் அந்த ஒரே வேலை. கையில் எனக்கு வேறு தொழில் இல்லை, வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

வேலை பழகியது மூன்றே மாதம். எனக்கு முன்னால் இருந்தவர் தொம்மை என்று ஒரு பெரியவர். அவருக்கு இந்தியாவுக்குப் போகிற கடதாசி வந்துவிட்டது. போவதற்குள் எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசரம். மணிக் கயிற்றை இழுக்கக் கூடாது, விட வேண்டும் என்று காட்டினார். பித்தளைக்குப் புளியும் சாம்பலும் என்றார். கொண்டல் மழைக்கு முன்னால் ஏணி வைத்து, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் இலை அள்ளு என்றார். பிறகு, முன்பக்கத்து வாங்குகளில் நம்ம ஆட்களை உட்கார விடாதே என்றார். அவ்வளவுதான். குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார். ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அந்த வாங்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பெஞ்சு என்பார்கள், நமக்கு வாங்கு. எங்கள் கோயில் கருங்கல்லால் கட்டியது. ஆற்றிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தலையிலும் தோளிலும் சுமந்து வந்த கல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சுவர் இரண்டு முழ அகலம். வாசலுக்கு நேர் மேலே பாடகர்களுக்கென்று ஒரு மரத்தட்டு. அதன் அடியில், இருட்டுக்குள், சாய்மானம் இல்லாத ஆறு வரிசைப் பலகைகள். அதைத் தாண்டினால் தரை ஒரு படி உயரும். படிக்கு மேலே இரண்டு பக்கமும் ஏழு ஏழாகப் பதினான்கு வாங்குகள். தேக்கு. சாய்மானத்தில் கொடி செதுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் உட்காருகிற இடம் அது. காலை ஒன்பது மணிக்கு அவர்களுக்கு இங்கிலீசில் ஆராதனை. பின்னேரம் இரண்டரைக்கு எங்கள் ஆட்களுக்குத் தமிழில். எங்கள் ஆட்கள் பக்கவாசலால் வந்து, பலகையில் உட்கார்ந்து, பக்கவாசலால் போவார்கள். அந்தப் படியில் கால் வைப்பது ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும்தான்.

நான் வேலைக்கு வந்தபோது தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, கடைசித் துரையும் பெட்டி கட்டி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. காலை ஆராதனையே தமிழுக்கு மாறியிருந்தது. பெரிய வாசலும் திறந்திருந்தது. ஆனால் ஒருவரும் படியைத் தாண்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பதினான்கு வாங்குகளும் காலி. நான் சனிக்கிழமை தோறும் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, தகட்டைப் பளபளவென்று தேய்த்து வைப்பேன். முகம் பார்க்கலாம். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

இப்படியே ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, முப்பத்தேழு வருடம் போயிற்று. சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிறிஸ்துமஸ் அன்று பின்பக்கம் தேங்காய் அடுக்கியது போல நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மிச்சப்பேர் வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே பதினான்கு வாங்குகள் சும்மா கிடக்கும். வந்த குருமார் எல்லாரும் பிரசங்க மேடையிலிருந்து ஒரு தடவை கடிந்துகொண்டார்கள். பிறகு அவர்களும் பழகிவிட்டார்கள். எனக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பெருக்குகிற வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நடுவில் நல்ல காலமும் உண்டு. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், முஸ்லிம், என் காலை மணியைக் கேட்டுத்தான் கடைப் பலகையைக் கழற்றுவார். ஒருநாள் காய்ச்சலில் நான் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்து, "என்ன யாக்கோபு, இன்னைக்கி நீங்க பிந்துனதால என் கடையும் பிந்திருச்சு. யாவாரிங்க ரெண்டு பேர் திரும்பிப் போய்ட்டாங்க" என்றார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே உடுத்திக்கொள்ள ஒரு சாரத்தை மடித்துக் கையில் கொடுத்தார், கிறிஸ்துமஸுக்கு என்று. அப்படிப்பட்ட ஊர் இது. கோயிலுக்குள் வராதவர்களும் அதைத் தங்கள் கோயில் போலத்தான் வைத்திருந்தார்கள்.

இனி ஃபாதர் சாலமோனைப் பற்றி. என் நாற்பது வருடத்தில் ஒன்பது குருமாரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். நல்லவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஒருவரை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது என்றால் அவரைத்தான். குள்ளமான மனிதர். மூச்சு இழுப்பு வேறு. குளிர்காலத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு துவாலை. என்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றால், "யாக்கோபு, உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்பார். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். ஆனாலும் நான் இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார் போலத்தான் கேட்பார். நான் வரப் பிந்தினால் திட்ட மாட்டார். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று இருக்கும்.

தோட்டங்களுக்கு அவர் போகிற முறையே வேறு. மற்றவர்கள் பின்னேரம் போவார்கள், லயத்து வீடுகளில் சனம் வேலை முடிந்து அலுத்துக் கிடக்கும் நேரத்தில். இவர் விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, பெரட்டுக் களத்துக்கே போய்விடுவார். ஆட்கள் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடம் அது. ஒரு ஓரமாகக் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவர்களோடு கூடவே நடந்துகொண்டே பேசுவார். யாருக்கும் அரை நிமிடம்கூட வேலை கெடாது. ஒருநாள் ஒரு கங்காணி கேலியாக, "என்னங்க ஃபாதர், ஒங்களுக்கும் ஒரு பேரு போடவா?" என்று கேட்டாராம். இவர், "போடுங்க. கொழுந்து எடுக்கத் தெரியாது, கூடை தூக்குவேன்" என்று சொல்லி, அன்றைக்கு மத்தியானம் வரை உண்மையாகவே தூக்கினார். அடுத்த மூன்று நாள் மூச்சு இழுத்துப் படுத்துக் கிடந்தார். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே ஏசினேன். சிரித்தார்.

மீரியபெத்தத் தோட்டத்தை மலை சரிந்து மூடிய அந்த ஐப்பசி மழையில்தான் எங்கள் கோயிலுக்கும் கேடு வந்தது. ஊவா மாகாணம் முழுக்கப் பயந்துபோயிருந்த நேரம். எந்த மலை எப்போது இறங்கும் என்று ஒருவருக்கும் தூக்கமில்லை. ஒரு சனிக்கிழமை பின்பக்கம் கூட்டும்போது, மரத்தட்டைத் தாங்குகிற வாசல் சுவரில், என் தலைக்கு மேலே ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். சிலந்திவலை என்று விளக்குமாற்றால் தட்டினேன். போகவில்லை.

கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்க அலுவலகத்திலிருந்து, ஒரு என்ஜினியர் வந்து பார்த்தார். சுவர் நிற்கிறதா நகர்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். ஃபாதரும் நானும் அப்படியே செய்தோம். வெடிப்பின் இரண்டு பக்கத்துக் கல்லையும் தேய்த்துக் கழுவினோம். உள்ளங்கை அளவுக்குச் சீமெந்து அப்பினோம். ஒரு பக்கத்துச் சீமெந்தில் ஒரு முனையும் மறு பக்கத்தில் மறு முனையும் பதிகிற மாதிரி, விரல் அகலக் கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்தோம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று. ஒவ்வொன்றிலும் ஃபாதர் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி கீறல் விடும், கண்ணாடிக்கு வளையத் தெரியாது என்றார் என்ஜினியர். தினம் காலையில் மணி அடித்த கையோடு ஏணியில் ஏறிப் பார்ப்பேன். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராவது நாள் நடுத்துண்டு நூல் பிடித்தது போல நேராகக் கீறல் விட்டிருந்தது. ஏணியை அப்படியே விட்டுவிட்டு ஃபாதரைக் கூப்பிட ஓடினேன்.

சுவரைத் திருத்தும்வரை பின்பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது, படிக்கு மேலே ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய வாசலைப் பூட்டினோம். பலகைகளைச் சுற்றிக் கயிறு கட்டினோம். பக்கவாசலால் வந்து முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று ஃபாதர் அறிவித்தார். வந்த சனம் கயிற்றைப் பார்த்தது, வாங்குகளைப் பார்த்தது, திரும்பி வெளியே போய்விட்டது. முற்றத்தில் சைப்பிரஸ் மரங்களின் அடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். ஃபாதர் காலி வாங்குகளைத் தாண்டிப் பீடத்துக்குப் போனார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கவாசல் படியில் நின்று, வெளியே பார்த்தபடி ஆராதனையை நடத்தினார். பாதியில் மழை வந்தது. அடுத்த ஞாயிறு வந்தவர்கள் பாதிப்பேர். அதற்கடுத்த ஞாயிறு அதிலும் பாதி.

இதைப் பார்த்து யாரோ திருச்சபை மேலிடத்துக்கு எழுதிப்போட்டார்கள், இந்தக் கோயிலுக்குச் சனமே வருவதில்லை என்று. மேலிடத்திலிருந்து ஃபாதருக்குக் கடிதம் வந்தது. கட்டடத்துக்குள் ஆராதனை நடத்தச் சபை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வருவார்கள், இருந்தால் சுவரைத் திருத்த ஏற்பாடு செய்வோம், இல்லையென்றால் கோயிலைப் பூட்டிவிட்டு இருக்கிற குடும்பங்களை வேறு சபையோடு சேர்த்துவிடுவோம் என்று. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தவணை. ஃபாதர் எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு மணிக் கயிறுதான் கண்ணுக்குள் வந்தது. அதை யாரோ கழற்றிச் சுருட்டுவது போல இருந்தது.

"ஃபாதர், நா போயி நாலு வார்த்த சத்தம் போட்டுட்டு வாறேன்" என்றேன். "இவங்களுக்காகத்தானே இவ்வளவு பாடு? முன்னுக்கு வந்து குந்துறதுக்கு என்ன கேடு?"

அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "சத்தம் போட்டவங்க நெறையப்பேர் இருக்காங்க. ஏன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. யாக்கோபு, உங்களுக்கு நேரம் இருக்குமா? சாராள் அக்காகிட்ட போய் கேட்டுட்டு வாங்க. சொல்லிட்டு வராதீங்க, கேட்டுட்டு மட்டும் வாங்க" என்றார்.

சாராள் அக்கா யார் என்று இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பசறை ரோட்டில் இருக்கிற ஒரு தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மலை உச்சிப் பிரிவில், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். எங்கள் கோயிலில் பாட்டுத் தொடங்குவது அவர்தான். ஆர்மோனியக்காரர் சுருதி தேடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை இருட்டிலிருந்து அவருடைய குரல் கிளம்பிவிடும். மேற்கணக்குப் பெண்களும் கீழ்க்கணக்குப் பெண்களும் அவர் உட்கார்ந்தால் உட்காருவார்கள், எழுந்தால் எழுவார்கள். பெண்கள் நகர்ந்தால் ஆண்கள் என்ன செய்வார்கள், பின்னாலேயே வருவார்கள். என்னோடு மட்டும் அவர் அதிகம் பேச மாட்டார். மெழுகுவர்த்தியை நான் நீட்டினால் பக்கத்தில் இருப்பவரை வாங்கித் தரச் சொல்வார். பெரிய மனுஷி, கொஞ்சம் ராங்கி என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் இறங்கி, தேயிலைக்குள் படியேறி லயத்துக்குப் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து ஒரு முக்காலியைக் காட்டினார். தேத்தண்ணி வந்தது. நான் கடிதத்தைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன், கண்ணாடித் துண்டைச் சொன்னேன். கேட்டுவிட்டு மட்டும் வரச் சொன்னார்கள் அல்லவா, நான் அரைமணி நேரம் சொன்னேன். அவர் கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை.

கடைசியில்தான், "ஏங்கக்கா, முன்னுக்கு வந்து குந்த மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன்.

"குந்துனனே" என்றார்.

"எப்பங்க?"

"குருத்தோலை ஞாயிறு. எனக்கு ஏழு மாசம். மூத்தவன் வயித்துல. அன்னைக்கி பஸ் ஓடல, இங்கருந்து நடந்து வந்தோம். நான் வந்து சேர்றதுக்குள்ள பின்னால எடமில்ல. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. மூணாவது வாங்குல ஓரமா குந்துனேன். நீ வந்த. வாங்குல தட்டுன. ரெண்டு தட்டு. எந்திரிச்சேன். பூசை முடியிற மட்டும் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. "அக்கா, அது தொம்மைத் தாத்தாவா இருக்கும்" என்றேன். என் வாய்க்கு அப்போதுகூட வெட்கமில்லை.

"தொம்மைத் தாத்தா அதுக்கு முந்தியே கப்பலேறியாச்சு. நீதான். புதுச் சட்டை போட்டுக்கிட்டு நின்ன." கீரைக்காம்பை ஒடித்து ஒரு பக்கம் போட்டார். "ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசியிருப்பேன். ஒரு வார்த்த பேசல நீ. ஆட்டத் தட்டி ஓட்டுற மாதிரி தட்டுன."

"அக்கா..."

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இத்தன வருசமா இருந்தேன் தம்பி. தொரமாரு போயி வருசமாச்சு அப்ப. ஒரு வெள்ளக்காரன் இல்ல ஊர்ல. யாரு வருவான்னு நீ காவல் காத்த?"

  தொம்மை சொன்னார் என்று சொல்லலாமா? அவர் சொன்னது துரை இருந்த காலத்துச் சட்டம். அவர் போய்விட்டார், துரைகள் போய்விட்டார்கள், சட்டமும் போய்விட்டது. நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்கள்தான். நான் தட்டியது என் சொந்தச் சனத்தை. தட்டிவிட்டு மறந்தும் போயிருக்கிறேன்.  மன்னிப்புக்கூடக் கேட்காமல், போய் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். 

கோயிலுக்கு வந்தால் ஃபாதர் ஏணியில் நின்று பீலியில் அடைத்திருந்த சைப்பிரஸ் இலையை அள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கிற மனிதர். நான் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் ஓடி வந்தேன். அவர் இன்னும் மூன்று பிடி இலையை அள்ளிக் கீழே போட்டார். பிறகு இறங்கி வந்து கையைத் துவாலையில் துடைத்தார்.

"இத ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் நீங்கதான் சொல்லணும், யாக்கோபு" என்றார். "நான் சொன்னா பிரசங்கமா போயிரும்."

"அந்த ரெண்டு பேரும் அன்னைக்கித்தான் வாறாங்க, ஃபாதர். அவங்களுக்கு முன்னாலயா?"

"அவங்க வராட்டியும் சொல்லத்தானே வேணும்" என்றார்.

அவர் சொல்லும் விதம் அப்படி. கட்டளை இல்லை, கெஞ்சலும் இல்லை. தப்பிக்க மட்டும் இடமிருக்காது. அந்த நான்கு நாளும் நான் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஃபாதர் அந்த நான்கு நாளும் தினம் ஒரு பெரட்டுக் களத்தில் நின்றார். வாங்குகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஞாயிறு வாங்க, யாக்கோபு உங்களோடு பேச வேண்டுமாம், அவ்வளவுதான் சொன்னாராம்.

ஞாயிறு வந்தது. முற்றம் நிறையச் சனம். மேலிடத்து ஆட்கள் இருவரும் வேனில் வந்து இறங்கினார்கள். ஒருவர் வயதானவர், கையில் நோட்டுப் புத்தகம். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், பக்கவாசலால் உள்ளே எட்டிக் காலி வாங்குகளைப் பார்த்தார், ஏதோ எழுதினார். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் ஏறி நின்றேன். நாற்பது வருடத்தில் அந்தச் சபைக்கு முன்னால் நான் வாய் திறந்தது அன்று ஒரு தடவைதான்.

யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நா வேலைக்கி வந்தப்ப தொரமாரு இல்ல" என்று தொடங்கினேன். "வாங்கெல்லாம் சும்மாதான் கெடந்துச்சு. ஒரு குருத்தோலை ஞாயிறு, சாராள் அக்கா ஏழு மாசத்தோட வந்து குந்துனாங்க. நா தட்டி எழுப்புனேன். அப்ப யாரும் எழுப்பச் சொல்லல. நானா எழுப்புனேன். இப்ப வாங்க குந்துங்கன்னு கூப்புட எனக்கு மொகமில்ல. தப்பு எம்மேல. அதுக்காகக் கோயிலப் பூட்ட விட்டுறாதீங்க."

 மழை தூற ஆரம்பித்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர், "என்னையுந்தான் தட்டுன, நீ" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "எங்கம்மாவ" என்றாள். "எங்க மாமனார, கலியாணத்தன்னைக்கி" என்றது இன்னொரு குரல். இப்படியே ஏழெட்டுப்பேர். ஒருவரைத்தான் தட்டினேன் என்று நினைத்து வந்து நின்றேன். ஒவ்வொரு குரலுக்கும் எனக்குத் தலை குனிந்துகொண்டே போனது.  மேலிடத்துப் பெரியவர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

சாராள் அக்கா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, போதும். அதான் சொல்லிட்டானே. எல்லாருஞ் சேந்து அவன அடிக்கவா போறீங்க? மழ வருது, உள்ள வாங்க" என்றார்.

சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பக்கவாசலால் உள்ளே போனார். நேராக மூன்றாவது வாங்கு. நடுவில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மேற்கணக்குப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கீழ்க்கணக்குப் பெண்கள், அப்புறம் ஆண்கள், பட்டணத்துக் குடும்பங்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, வாங்குத் தேக்கைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார்கள். பதினான்கும் நிறைந்து, சுவரோரத்திலும் ஆட்கள் நின்றார்கள். மேலிடத்துப் பெரியவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கொழுந்துக்காரப் பெண் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அவளிடம் பாட்டுப் புத்தகம் இரவல் கேட்டார். அடுத்த மாதம் சுவருக்கு ஆள் வந்தது. இன்றைக்கும் அந்தச் சுவர் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆனால் அன்றைக்கு நான் எங்கே நின்றேன் தெரியுமா? எல்லாரும் உள்ளே போன பிறகு, பழக்க தோஷம், கயிற்றைத் தாண்டிப் பின்பக்கத்தில் வாசல் சுவரோடு போய் நின்றுகொண்டேன். கோயில்குட்டி நிற்கிற இடம் அதுதான். உள்ளே போய் அவர்களோடு நிற்க எனக்கு யோக்கியதை இருப்பதாகவும் தோன்றவில்லை. ஃபாதர் பீடத்துக்கு வந்துவிட்டார். பாட்டைத் தொடங்க வேண்டியவர் சாராள் அக்கா. அவர் தொடங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய கோயில் முழுவதும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏ தம்பி! அங்க என்ன நிக்கிற? அந்தச் செவரு விழுந்துறப் போகுது. இங்கிட்டு வா."

பக்கத்திலிருந்த பெண்களை இடித்துத் தள்ளி, தனக்கு அடுத்தாற்போல் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினார். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, அந்த இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அக்கா பாட்டைத் தொடங்கினார். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன்.